வேலை போனால் இ.எஸ்.ஐ. கார்டும் போய்விடுமா?

கேள்வி: என் கணவர் பனியன் கம்பெனியில் பல வருடமாகச் செக்கிங் வேலை பார்த்தார். ஆர்டர் இல்லையென்று பிப்ரவரி 15-ந் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தைராய்டு மாத்திரை இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரியில்தான் வாங்குகிறோம். இனி கார்டு செல்லாதா? தனியார் இன்சூரன்ஸ் போட வேண்டுமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். கார்டு டிசம்பர் 31 வரை செல்லும் என்றே தெரிகிறது.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை சம்பளத்தில் பிடித்த சந்தாவுக்கு அடுத்த ஜனவரி–ஜூனில் பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை பிடித்ததற்கு ஜூலை–டிசம்பரில் பலன். அந்தந்த அரையாண்டில் குறைந்தது 78 நாள் சம்பளத்துக்குச் சந்தா ஏறியிருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் கணவருக்குப் போன ஏப்ரல்–செப்டம்பர் கணக்கு ஜூன் வரை தாங்கும். அக்டோபரிலிருந்து பிப்ரவரி 15 வரை வாரவிடுப்பைக் கழித்தாலும் நூறு நாளைத் தாண்டும். அது டிசம்பர் வரை தாங்கும். இடையில் வேலையில்லாமல் இருந்து, டிசம்பர் 1-ல் மறுபடி சேர்ந்தவராக இருந்தால், வாரவிடுப்பைச் சேர்த்தாலும் 77 நாள்தான் வரும். அந்த ஒரு நாள் குறைவதால் ஜூலை முதல் டிஸ்பென்சரியில் மருந்து கிடைக்காது.

சிக்கல் பெரும்பாலும் கம்பெனி ஏற்றும் கணக்கில்தான். பிப்ரவரியின் 15 நாளைப் போடாமல், ஜனவரியோடு 'வேலையை விட்டார்' என்று பதிந்துவிடுவார்கள். இன்னொன்று, புதுக் கம்பெனியில் பழைய இன்சூரன்ஸ் எண்ணைச் சொல்லாமல் புது எண் வாங்கிவிடுவது. நாள்கள் இரண்டு எண்ணிலும் சிதறி, எதிலும் 78 தேறாது. இ.எஸ்.ஐ. இணையதளத்தில் அவருடைய எண்ணில் நுழைந்து, மாதவாரியாக ஏறியுள்ள நாள்களை இந்த வாரமே பாருங்கள். குறைந்தால் சம்பளச் சீட்டு நகல்களுடன் கிளை அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடித்துக்கொண்டு கட்டாமல் விட்டது கம்பெனியின் குற்றம், உங்களுடையதல்ல.

டிசம்பருக்குள் வேறு வேலை அமையாவிட்டால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும்பட்சத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் உண்டு. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் பட்டியலிலுள்ள அறுவை சிகிச்சை, உள்நோயாளி சிகிச்சைக்குத்தான். மாதாந்தர மாத்திரைக்கு அரசு மருத்துவமனைதான் வழி.

தனியார் பாலிசி எடுப்பதானால் கார்டு உயிரோடு இருக்கும்போதே எடுங்கள். புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் கிடைக்காது. ஏற்கனவே உள்ள தைராய்டுக்கு 3 வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். விண்ணப்பத்தில் தைராய்டை மறைக்காமல் எழுதுங்கள்.