தூண்டில் கோலின் நூல் கட்டுக்கு எந்தப் பூச்சு? கேள்வி பதில்

கேள்வி: மூங்கில் கோலில் தூண்டில் நரம்பு ஓடும் வளையங்களைப் பட்டு நூலால் கட்டியிருக்கிறேன். மேலே வார்னிஷ் பூசவா, இரண்டு பாகம் கலந்து இறுகவிடும் எபாக்ஸிப் பிசினா?

பதில்: வார்னிஷ்தான். எபாக்ஸி ஒன்றிரண்டு பூச்சிலேயே கண்ணாடி போலத் தடித்துவிடும், வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் மெல்லிய கோலில் அந்தத் தடிப்பு கண்ணை உறுத்தும். பின்னால் ஒரு வளையத்தை மாற்ற நேர்ந்தால், சூடு காட்டிச் சுரண்டும்போது கோலின் பூச்சும் சேர்ந்து உரியலாம். வார்னிஷுக்குப் பொறுமை வேண்டும்: 4 முதல் 6 மெல்லிய பூச்சு, நடுவே ஒரு நாளாவது காய விடணும். முரட்டுத்தனமாகப் புழங்கும் தடித்த கோல் என்றால் எபாக்ஸியே இருக்கட்டும்.

கேள்வி: வெளிர் மஞ்சள் பட்டு, வார்னிஷ் பட்டதும் நிறமே காணோம். அடியில் மூங்கில் தெரிகிறது. நூல் மட்டமா?

பதில்: நூல் மேல் குற்றமில்லை. இழைகளுக்கு நடுவே காற்று இருக்கும்வரை ஒளி சிதறும், நிறம் தெரியும். அங்கே வார்னிஷ் புகுந்துவிட்டால் ஒளி ஊடுருவிப் போய்விடும். வெள்ளைப் பட்டு கிட்டத்தட்ட மறைந்தே போகும், சிவப்பு கருஞ்சிவப்பாக இறங்கும், கறுப்பில் பெரிய மாற்றம் இருக்காது. நிறம் அப்படியே நிற்கணும் என்றால் முதலில் கலர் பிரிசர்வர், அதாவது வார்னிஷ் நூலுக்குள் இறங்காமல் தடுக்கும் அடிப்பூச்சு. அதை நூல் முழுக்க ஊறும்படி பூசி, நன்றாகக் காய விடுங்கள். அரைகுறையாகப் பூசினால் வார்னிஷ் அங்கங்கே உள்ளே இறங்கித் திட்டுத் திட்டாகிவிடும். ஊடுருவித் தெரியும் கட்டுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் வளையத்தின் கால் (நூல் கட்டுக்குள் இருக்கும் பகுதி) உள்ளே பளிச்சென்று தெரிவதைச் சிலர் விரும்புவதில்லை. எதற்கும் அதே நூலைக் கழிவுத் துண்டு மூங்கிலில் சுற்றிப் பூசிப் பார்த்துவிட்டுக் கோலைத் தொடுங்கள்.

கேள்வி: எபாக்ஸியில் குமிழி வந்துகொண்டே இருக்கிறது.

பதில்: அடித்துக் கலக்குகிறீர்கள் போல. இரண்டு பாகத்தையும் சரியாக அளந்து, தட்டைக் குச்சியால் நிதானமாகக் கலக்குங்கள். பூசியதும் ஸ்பிரிட் விளக்கின் சூட்டைக் கொஞ்சம் தள்ளி ஒரு நொடி காட்டினால் எபாக்ஸி இளகும், குமிழி உடையும். பிறகு இறுகும்வரை கோலை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்கணும். நிறுத்தினால் ஒரு பக்கமாக வழிந்து தொப்பை விழும்.

கேள்வி: ஷெல்லாக் (அரக்குப் பூச்சு) மட்டும் போதுமா?

பதில்: அடிப்பூச்சுக்குச் சரி. மேல்பூச்சுக்கு ஆகாது, தண்ணீர் பட்டால் வெளுத்துவிடும்.

கேள்வி: காய்ந்த பிறகு நூல் கட்டின் மேல் முள் மாதிரி நூல் பிசிறு தட்டுகிறது.

பதில்: பூசும் முன்பே சுடர் மேல் சட்டென்று ஓட்டிப் பொசுக்கியிருக்கலாம். இப்போது புது பிளேடால் பிசிறை மட்டும் சீவி, நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, மறுபூச்சு கொடுங்கள். நூலைத் தொடும் அளவுக்குத் தேய்த்தால் கட்டே அறுந்துவிடும்.