கையெழுத்துப் போட முடியாதவருக்கு

வணக்கம். நினைவு திரும்பாமல் கிடப்பவர்களின் மூளையை மின்சாரத்தால் தூண்டும் சிகிச்சையை ஆதரித்து எழுதியிருந்தீர்கள். வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாதவரின் மண்டையைத் துளைப்பது நியாயமா? அரைகுறையாக விழித்து, தன் நிலைமை புரிந்து அவர் தவித்தால் யார் பொறுப்பு?
எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

நான் ஆதரித்தது நினைவிழந்த எல்லோருக்குமான சிகிச்சையை அல்ல. 2007-இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வெளியான ஆய்வின் அமெரிக்க நோயாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். தாக்குதலில் தலையில் அடிபட்டவர், வயது 38. ஆறு வருடங்களாக, எப்போதாவது கண்ணசைவில் மட்டும் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மொழிக்கான மூளைப் பகுதிகள் அவருக்குப் பெரிதும் மிஞ்சியிருந்தன. அதனால்தான் மூளையின் ஆழத்தில் விழிப்புக்கு உதவும் பகுதியான தலாமஸின் இரு பக்கமும் மின்முனை வைத்தார்கள். அதுவரை குழாய் வழியே உணவு எடுத்தவர், அப்புறம் வாயால் மென்று விழுங்கினார், பொருட்களின் பெயரைச் சொன்னார். பழைய ஆளாக எழுந்து நடக்கவில்லை என்பதும் உண்மை.

அவருக்காகச் சம்மதம் கொடுத்தது குடும்பம். அந்த ஆய்வில் பங்கெடுத்த மருத்துவ அறவியலாளர் ஜோசஃப் ஃபின்ஸின் வாதம் எனக்குச் சரியென்றே படுகிறது: சொந்தச் சம்மதம் இல்லாமல் தொடவே கூடாது என்றால், சம்மதம் சொல்லும் திறனை இழந்தவர்களுக்கு மட்டும் கதவு நிரந்தரமாக மூடிவிடும். அந்தத் திறனைக் கொஞ்சமாவது மீட்கத்தானே இந்த முயற்சி!

ஆனால் குடும்பத்தின் கையெழுத்து ஆரம்பிப்பதற்கு மட்டும்தான் செல்லும். ஆமாம், இல்லை என்று அவரே தெளிவாகச் சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து அவரைத்தான் கேட்க வேண்டும். நீங்கள் சொல்லும் தவிப்பு நடக்கக்கூடியதே. தவித்து, நிறுத்துங்கள் என்று அவர் சொன்னால், புரிந்துதான் சொல்கிறாரா என்று பலமுறை பார்த்துவிட்டு நிறுத்தத்தான் வேண்டும், குடும்பம் எவ்வளவு அழுதாலும்.

என்னை உறுத்துவது வேறொன்று. அந்த ஆய்வில் 6 மாதம், மின்முனைகளுக்கு மின்சாரம் தரும் கருவியை மாற்றி மாற்றி ஓடவிட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். எப்போது ஓடுகிறது என்பது பரிசோதிப்பவருக்கே தெரியாது. பலன் கருவியால்தானா என்று அறிய அது தேவைதான். ஆனால் ஒருவருக்குக் கொடுத்த பேச்சை ஆய்வு முடிந்ததென்று பறிப்பது கொடுமை. தோலுக்கடியில் வைக்கும் அந்தக் கருவியின் பேட்டரி என்றைக்காவது தீரும். அதை யார் மாற்றுவார்கள், யார் செலவில், பேச்சுப் பயிற்சி எத்தனை வருடம் தொடரும்? உங்களுக்குத் தெரிந்த யாரிடமாவது கையெழுத்துக் கேட்டால், முதலில் இதையெல்லாம் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.