தீங்கும் பொல்லாங்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வேதாகமத்தின் யோபு நூலைப் பற்றிய உங்கள் கட்டுரையில் 'தீமையைக் கடவுள் படைக்கவில்லை' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு மேலே போய்விட்டீர்கள். என்னால் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. ஏசாயா 45:7 'சமாதானத்தைப் படைத்து தீங்கையும் உண்டாக்குகிறவர் நானே' என்று வெளிப்படையாகவே சொல்கிறதே? சாத்தான்தான் காரணம் என்றால் சாத்தானைப் படைத்தது யார்? குளிர் என்பது வெப்பமின்மை, இருள் என்பது ஒளியின்மை, அதுபோலத் தீமை என்பது கடவுளின்மை என்று ஐன்ஸ்டைன் தன் பேராசிரியரை மடக்கியதாக ஒரு கதை சுற்றுகிறது. புற்றுநோயில் துடிப்பவரிடம் போய் 'இது வெறும் இன்மை' என்று சொல்ல முடியுமா? விளக்கமாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்த ஐன்ஸ்டைன் கதையை ஒதுக்கிவிடுவோம். அவர் அப்படிப் பேசியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. அதைவிட முக்கியம், அந்த வாதமே தவறு. கிறிஸ்தவ மரபு தீமையை வெறும் இன்மை என்று சொல்லவில்லை. கல்லுக்குப் பார்வை இல்லை. அது கல்லுக்கு நேர்ந்த தீமை ஆகாது. மனிதனுக்குப் பார்வை போனால் அது தீமை. இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டியது இல்லாமல் போவது, பறிபோவது, திரிந்துபோவது: இதைத்தான் இறையியலாளரும் ஆயருமான அகஸ்தீன் (354–430) நன்மையின் குறைபாடு என்றார். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் அதை இன்னும் துல்லியமாக்கினார். குளிர்–வெப்பக் கதையில் இந்த 'வேண்டிய' என்ற சொல் விழுந்துவிடுகிறது. அது விழுந்ததும் தீமை ஏதோ தட்பவெப்பநிலை மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்குக் கோபம் வந்தது நியாயமே.

நீங்கள் சொன்ன புற்றுநோயையே எடுத்துக்கொள்வோம். அதற்கென்று சொந்தமாக ஓர் ஆற்றலும் கிடையாது. செல் பிரிவது உடலின் நல்ல திறன். காயம் ஆறுவது அதனால்தான். புது இரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதும் நல்ல திறன். புற்றுக்கட்டி இந்த இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. இல்லாமல் போனது கட்டுப்பாடு: எப்போது நிறுத்த வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லும் மரபணுக்கள் பழுதாகிவிட்டன. அந்த ஒரு குறை போதும், உயிரை வளர்க்கும் அதே வேகம் உயிரைத் தின்னத் தொடங்குவதற்கு. ஆகவே குறைபாடு என்றால் மெலிந்தது, கற்பனையானது என்று பொருளில்லை. அது பயங்கரமாக இருப்பதற்குக் காரணமே, நன்மையின் முழு பலத்தையும் கடன் வாங்கி அது இயங்குவதுதான்.

பொய்யும் அப்படியே. பொய் பலிக்க வேண்டுமானால் மொழி வேண்டும், மொழியில் பெரும்பாலும் உண்மையே பேசப்பட வேண்டும், கேட்பவருக்கு நம்பும் குணம் இருக்க வேண்டும். மூன்றும் நல்லவை. எல்லோரும் எப்போதும் பொய்யே பேசும் உலகில் பொய் ஒரே நாளில் செத்துவிடும். உண்மைக்கோ பொய்யின் துணை தேவையில்லை. நன்மை தனியே நிற்கும், தீமை தனியே நிற்காது என்ற இந்தச் சமனின்மைதான் கிறிஸ்தவப் பார்வையின் மையம். 3ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் மானி ஒளி, இருள் என்று இரண்டு நித்திய சக்திகளைப் போதித்தார். அகஸ்தீன் சுமார் ஒன்பது ஆண்டுகள் அந்தக் கூட்டத்தில் இருந்தவர். அதில் தன்னைக் கவர்ந்தது எது என்பதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்: 'பாவம் செய்வது நானல்ல, எனக்குள் இருக்கும் வேறொரு இயல்பு' என்று சொல்லிக்கொள்ள அது இடம் தந்தது. இதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி ஏசாயா. அங்கே 'தீங்கு' என்று வரும் எபிரேயச் சொல் 'ரா'. அதன் வீச்சு பெரியது. எரேமியா 24இல் தின்ன முடியாத அத்திப்பழமும் 'ரா'தான், ஆதியாகமம் 2இல் நன்மை தீமை அறியும் மரத்தின் 'தீமை'யும் 'ரா'தான். எந்தப் பொருள் என்பதைப் பக்கத்தில் நிற்கும் சொல்தான் காட்டும். ஏசாயா 45:7இல் அதன் எதிர்ச்சொல் 'ஷாலோம்'. அது சமாதானம், நலவாழ்வு. ஒழுக்கத்தில் நல்லது என்ற பொருளில் அது வரவில்லை. அதிகாரம் பேசுவது பாரசீக மன்னன் கோரேசைப் பற்றி, அரசுகள் கவிழ்வதைப் பற்றி. எனவே இங்கே 'ரா' என்றால் பேரழிவு, வீழ்ச்சி. தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இங்கே 'தீங்கு' என்று போட்டார்கள். 'தேவன் பொல்லாங்கினால் சோதிக்கப்படுகிறவரல்ல' என்ற யாக்கோபு 1:13இல் 'பொல்லாங்கு' என்றார்கள். நம் மொழியில் இந்த இரு சொற்களுக்கும் உள்ள தூரம் ஓரளவு வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் இதைச் சொல்லிவிட்டு நிம்மதியாகக் கிளம்புகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த வசனத்தில் வரும் வினை 'பாரா'. ஆதியாகமத்தின் முதல் வசனத்தில் 'சிருஷ்டித்தார்' என்று வரும் அதே வினை. பேரழிவுகள் தன் ஆளுகைக்கு வெளியே நடக்கின்றன என்று இந்தக் கடவுள் ஒருபோதும் சொல்வதில்லை. அந்தக் கனத்தைக் குறைத்தால் வசனமே போய்விடும்.

சாத்தானைப் பற்றி நீங்கள் கேட்டது சரியான கேள்வி. சாத்தானைச் சொன்னதும் விஷயம் முடிந்தது என்று நினைப்பவர்கள் கேள்வியை ஒரு படி பின்னால் தள்ளியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆதாரங்களிலும் கவனம் தேவை. ஏசாயா 14இன் 'விடிவெள்ளியே' என்ற பாடல் பாபிலோன் ராஜாவை நோக்கியது. அந்தச் சொல்லின் இலத்தீன் வடிவம்தான் 'லூசிபர்'. எசேக்கியேல் 28 தீருவின் ராஜாவைப் பற்றியது. 3ஆம் நூற்றாண்டு இறையியலாளர் ஓரிகன் இவற்றைச் சாத்தானின் வீழ்ச்சியாக வாசித்தார். ஏசாயா 14ஐ அப்படி வாசிப்பதை 16ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வின் மறுத்தார். ஆதியாகமம் 3 பாம்பைப் பாம்பு என்றே சொல்கிறது. அதைப் பிசாசோடு அடையாளப்படுத்துவது வெளிப்படுத்தல் 12:9. யோபின் முதல் இரு அதிகாரங்களில் 'சாத்தான்' என்ற சொல்லின் முன்னால் எபிரேயத்தில் சுட்டிடைச்சொல் (ஆங்கில 'the' போன்றது) நிற்கிறது. 'குற்றஞ்சாட்டுபவன்' என்னும் பதவிப் பெயர் அது. இவையெல்லாம் போக மிஞ்சுவது சிறிது, ஆனால் உறுதியானது: யோவான் 8:44 பிசாசு 'சத்தியத்திலே நிலைநிற்கவில்லை' என்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் 1215ஆம் ஆண்டு நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம், பிசாசுகள் இயல்பில் நல்லவையாகவே கடவுளால் படைக்கப்பட்டன, தாங்களாகவே தீயவையாயின என்று அறிக்கையிட்டது.

சரி, நல்லவையாகப் படைக்கப்பட்டவை ஏன் தீமைக்குத் திரும்பின? முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திரும்ப *முடிந்தது* எதனால் என்பது ஒன்று. திரும்பி*யது* எதனால் என்பது மற்றொன்று. முதலாவதற்குப் பதில் உண்டு. இன்மையிலிருந்து படைக்கப்பட்ட எதுவும் மாறக்கூடியது. மாறாதவர் கடவுள் மட்டுமே. மொழியைத் தருபவர் பொய்க்கான சாத்தியத்தையும் சேர்த்தே தருகிறார், பொய்யைத் தருவதில்லை. இரண்டாவதற்கு அகஸ்தீன் 'கடவுளின் நகரம்' 12ஆம் புத்தகத்தில் சொல்வது விநோதமாகத் தோன்றும்: தீய விருப்பத்தை ஆக்கிய காரணத்தைத் தேடாதீர்கள், அது ஆக்கமே இல்லை, குறைதல், அதைத் தேடுவது இருளைக் கண்ணால் பார்க்கவும் மௌனத்தைக் காதால் கேட்கவும் முயல்வது போன்றது.

இது நழுவல் என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஒரு கொலைக்கு முழுமையான காரணம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள்: மூளையில் கட்டி, அதனால் அந்தச் செயல் தவிர்க்க முடியாதது. அந்தக் கணத்திலிருந்து அது குற்றமாக இருப்பதில்லை, நோயாகிவிடுகிறது. முதல் தீய விருப்பத்துக்கும் அப்படி முழுக் காரணம் கிடைத்தால் பழி அந்தக் காரணத்துக்குப் போகும், அங்கிருந்து அதைப் படைத்தவருக்குப் போகும். தீமை தீமையாக இருப்பதே நின்றுவிடும். மானியின் கூட்டத்தில் அகஸ்தீனுக்குக் கிடைத்த ஆறுதல் அதுதான், அவர் கைவிட்டதும் அதைத்தான்.

இருந்தும் ஓர் இடறல் மீதமிருக்கிறது. குறையே இல்லாத ஒருவன் ஏன் சறுக்க வேண்டும்? இங்கே 2ஆம் நூற்றாண்டின் லியோன் ஆயர் இரனேயுவே எனக்கு அருகில் வருகிறார். ஆதாம் முழுமையடைந்தவனாகப் படைக்கப்படவில்லை, குழந்தையைப் போல வளர வேண்டியவனாகப் படைக்கப்பட்டான் என்பது அவர் பார்வை. தீமை என்ன என்பதில் அகஸ்தீனையும், மனிதன் எந்த நிலையில் தொடங்கினான் என்பதில் இரனேயுவையும் பின்பற்றலாம் என்பது என் முடிவு. ஆதாமின் குற்றப்பழி பிறப்பிலேயே எல்லாருக்கும் வருகிறதா என்னும் பரம்பரைக் குற்றம் பற்றிய சண்டையிலும் இது உதவும். ரோமர் 5:12இன் கடைசிப் பகுதியை அகஸ்தீன் படித்த இலத்தீன் 'அவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்ற பொருளுக்கு இடம் தந்தது. நம் தமிழ் வேதாகமம் கிரேக்கத்துக்கு நெருக்கமாக 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்' என்கிறது. கிழக்குத் திருச்சபைகள், ஆதாமிடமிருந்து நமக்கு வருவது சாவும் பலவீனமும்தான், அவனுடைய குற்றப்பழி வருவதில்லை என்று இன்றும் சொல்கின்றன.

தத்துவ விவாதத்தில் எல்லாம் வல்ல நல்ல கடவுளும் தீமையும் சேர்ந்திருக்க முடியாது என்று தத்துவவாதி ஜே. எல். மேக்கி 1955இல் எழுப்பிய முரண்பாட்டுக்கு, தத்துவவாதி ஆல்வின் பிளான்டிங்கா 1974இல் தந்த சுதந்திர விருப்ப வாதம் முக்கியம்: சுதந்திரமாக நன்மையைத் தேர்பவர்களைப் படைத்தால் தீமைக்கும் இடம்விட வேண்டியிருக்கலாம் என்பது அது. ஆனால் கடவுளும் தீமையும் சேர்ந்திருப்பது தர்க்க முரண் ஆகாது என்பதை மட்டுமே அது நிறுவுகிறது. ஒரு குறிப்பிட்ட குழந்தை ஏன் இறந்தது என்று அது சொல்லாது, சொல்வதாக அவரும் உரிமை கோரவில்லை.

நிலநடுக்கமும் நோயும் இதைவிடக் கடினம். மனிதன் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே விலங்குகள் வலியோடு இறந்திருக்கின்றன. ஆதாமின் பாவத்தால் இயற்கை கெட்டது என்ற எளிய விடை இங்கே போதாது என்றே நினைக்கிறேன். வேதாகமம் உறுதியாக மூடுவது ஒரு பாதையை: சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேர் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று லூக்கா 13இல் இயேசு கேட்டு, 'இல்லை' என்று அவரே பதில் சொல்கிறார். பிறவிக் குருடனைப் பார்த்து 'யார் செய்த பாவம்' என்று கேட்ட சீடர்களுக்கும் யோவான் 9இல் அதே மறுப்பு. பாதிக்கப்பட்டவரின் கணக்கில் அவருடைய துன்பத்தை எழுதுகிற எந்தப் போதகரும் இந்த இரண்டு இடங்களையும் தாண்டித்தான் போக வேண்டும்.

கடைசியாக, துடிப்பவரிடம் என்ன சொல்வது என்ற கேள்வி. நான் மேலே எழுதிய எதையும் அங்கே சொல்லாதீர்கள். இறந்துபோன நண்பன் லாசருவுக்காக அழுதவர்களைக் கண்டு இயேசு 'ஆவியிலே கலங்கி'யதாக யோவான் 11 சொல்லும் இடத்தில் கிரேக்க வினை சீற்றத்தையும் குறிக்கும். சாவு இயல்பானது என்று அவர் யாரையும் தேற்றவில்லை. பவுல் அதைக் 'கடைசிச் சத்துரு' என்றே அழைக்கிறார். எல்லாம் இழந்து துன்பத்தில் கிடந்த யோபின் நண்பர்கள் முதல் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு வாய் திறந்து, தீமை எங்கிருந்து வருகிறது என்று ஒழுங்காக விளக்கினார்கள். 42ஆம் அதிகாரத்தில் கடவுளின் கோபம் மூண்டது அந்த விளக்கங்களின் மேல். தன்னோடு வழக்காடிய யோபே தன்னைக் குறித்துச் சரியாகப் பேசினான் என்று அவர் சொல்கிறார்.

அன்புடன்,
ஆசிரியர்