எச்6: ஒரு நகர்த்தல் முந்தினால்

வணக்கம். சதுரங்கத்தில் கறுப்பில் காரோ-கான் தொடக்கம் (வெள்ளையின் இ4க்கு சி6 என்று பதில்) ஆடுகிறேன். ஏழாவது நகர்த்தலில் ஜி5 குதிரையை விரட்ட எச்6 (எச் சிப்பாயை ஆறாம் கட்டத்துக்கு) ஆடினேன். அது இ6இல் பாய்ந்தது; அதன்பின் என் ராஜா தப்பவே இல்லை. அன்றைய உலக சாம்பியன் காஸ்பரோவும் ஐபிஎம் கணினி டீப் புளூவிடம் இப்படித்தான் தோற்றாராமே? எச்6 அவ்வளவு மோசமா?

அன்புள்ள நண்பருக்கு,

எச்6 மோசமில்லை, ஒரு நகர்த்தல் முந்திவிட்டது. நீங்கள் சொல்வது நியூயார்க்கில் 1997 மே 11 அன்று நடந்த ஆறாவது ஆட்டம். இ4 சி6, டி4 டி5, குதிரை சி3, இ4இல் வெட்டு, பதில் வெட்டு, குதிரை டி7, குதிரை ஜி5, குதிரை எஃப்6, பிஷப் டி3 இ6, குதிரை எஃப்3. இங்கே காஸ்பரோவ் எச்6 ஆடினார்.

குதிரை இ6 சிப்பாயை வெட்டியது. அவர் உடனே திருப்பி வெட்டாமல் ராணியை இ7இல் வைத்தார். வெள்ளை கோட்டை கட்டியது. அதன்பிறகே எஃப் சிப்பாயால் குதிரையை வெட்டினார். பிஷப் ஜி6இல் செக், ராஜா டி8. அடுத்த பிஷப் எஃப்4க்கு வந்து சி7 வழியையும் மூடியது.

இப்போது எஃப்8 பிஷப்பைப் பாருங்கள். முன்னால் சொந்த ராணியே அடைத்து நிற்கிறது. அந்த பிஷப் முதன்முதலாக அசைந்தது 18ஆவது நகர்த்தலில், ராணியை வெட்டிய யானையைத் திருப்பி வெட்ட. 19ஆவதில் வெள்ளை சி4, காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். தொடரும் 3.5–2.5 என்று போனது.

ஆகவே ஏழாவதில் பிஷப் டி6 ஆடுங்கள். வெள்ளை ராணி இ2 வந்ததும் எச்6. இப்போது குதிரை இ6இல் விழுந்தாலும் ராஜாவுக்கு இ7, எஃப்8 இரண்டும் காலி. பலிக்கு ஈடு அவ்வளவு சுலபமாகத் தேறாது. அதனால் குதிரை வழக்கமாக இ4க்குத் திரும்பும். வெட்டுங்கள், வெள்ளை ராணி வெட்டும்.

இந்த இடத்தில் மட்டும் கை அவசரப்படக் கூடாது. கோட்டை கட்டினால் ராணி நேராக எச்7க்கு வரும். பின்னால் டி3 பிஷப் காவல், அதே இடத்தில் மேட். டி7 குதிரையை எஃப்6க்குக் கொண்டுவாருங்கள். ராணியையும் தாக்கும், எச்7ஐயும் காக்கும். ராணி இ2க்குப் பின்வாங்கினால் ராணி சி7, பி6, பிஷப் பி7 என்று நிதானமாக அடுக்கலாம்.

இன்னொன்று: ஐந்தாவதிலேயே வெள்ளை ராணி இ2 வந்தால், ஜி8 குதிரையை எஃப்6க்கு எடுக்கவே எடுக்காதீர்கள். டி6இல் குதிரை வந்து மேட். இ7 சிப்பாய் கட்டுண்டிருப்பதால் (நகர்ந்தால் இ2 ராணிக்கு உங்கள் ராஜா திறந்துவிடும்) வெட்ட முடியாது.