கேட்டால் சொல்வேன்: ‘பாப்போம்மா’வுக்கு எத்தனை மதிப்பெண்?

கேள்வி: ஐயா, நான் யூனிட் டிரஸ்ட் (பலர் பணத்தைத் திரட்டிப் பங்கு முதலியவற்றில் போடும் நிதி) ஆலோசகர். வாடிக்கையாளர்களோடு நாங்கள் போனில் பேசுவதை எங்கள் நிறுவனம் மூன்று மாதமாக ஏஐ மென்பொருளுக்குக் கொடுத்து மதிப்பெண் போடுகிறது. எனக்கு 100க்கு 54. ‘தொடர்பில்லாத பேச்சு அதிகம், முடிவு கேட்கத் தயங்குகிறார்’ என்று குறிப்பு வேறு. நம் ஊரில் குடும்பத்தை விசாரிக்காமல் காசு பேச முடியுமா? நான் மாற வேண்டுமா? (அழைப்பின் எழுத்துப்படி இணைத்துள்ளேன்.)
– பெயர் வேண்டாம், சுங்கை சிப்புட்

பதில்: வாடிக்கையாளர் பெயரை அழித்துவிட்டு அனுப்பினீர்களே, அதற்கே உங்களுக்குக் கூடுதலாக ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம். இரண்டு தடவை படித்தேன் அம்மா.

38 நிமிடப் பேச்சு. முதல் 11 நிமிடம் முழங்கால் வலி, மகளின் வளைகாப்பு, மகன். மென்பொருளுக்கு இது வெட்டிப் பேச்சு. ஆனால் அங்கேதான் வாடிக்கையாளரான அந்த அம்மாள், மகன் வீட்டுக் கடனுக்காக மாதம் 400 வெள்ளி (ரிங்கிட்) தன்னிடம் வாங்குவதாக வாய்விட்டார். ஓர் ஆலோசகருக்கு இதைவிட முக்கியமான செய்தி என்ன வேண்டும்? நீங்களோ ‘ஐயோ பாவம்’ என்று சொல்லிவிட்டு நேராக ஃபண்டுக்குத் தாவிவிட்டீர்கள். ஆக 54 சரிதான், சொன்ன காரணம்தான் தப்பு.

29ஆவது நிமிடத்தில் அவர், ‘பாப்போம்மா, மகன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்’ என்கிறார். மென்பொருள் இதைத் ‘தடை’ என்று சிவப்பில் காட்டி, இன்றே முடிவெடுத்தால் என்ன பலன் என்று எடுத்துச் சொல்லும்படி உங்களுக்குப் பாடம் நடத்துகிறது. வந்ததே கோபம் எனக்கு. ‘பாப்போம்மா’ என்றால் முகம் முறியாமல் வேண்டாம் என்பது. தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும்.

எனக்கும் தெரிந்துதான் இருந்தது, தெரியாதவன்போல் நடந்துகொண்டேன். 1997 தொடக்கத்தில் வங்கி கவுண்டரில் இருந்தபோது, 55 வயதாகி இபிஎஃப் (மலேசிய ஊழியர் சேமநிதி) பணத்தை எடுத்த, தோட்டத்தில் பால்மரம் வெட்டும் ஓர் அண்ணனிடம் யூனிட் டிரஸ்ட் விற்றேன். எதைச் சொன்னாலும் ‘சரிங்க கிராணி’ என்றார். கிராணி என்றால் தோட்டத்து எழுத்தர். மேசைக்குப் பின்னால் பேனாவோடு உட்கார்ந்தவன் எல்லாம் அவருக்குக் கிராணி, கிராணியிடம் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லை. அந்தப் பிப்ரவரியில் 1,271 புள்ளியைத் தொட்ட கோலாலம்பூர் பங்குக் குறியீடு, 1998 செப்டம்பர் முதல் தேதி 262க்கு வந்து நின்றது. அவர் வந்து சத்தம் போடவில்லை. ‘எஃப்டி புக்குல இது எந்தப் பக்கத்துல இருக்கு?’ என்று மட்டும் கேட்டார். அன்று நான் பேசிய பேச்சுக்கு உங்கள் மென்பொருள் 90க்குக் குறையாமல் போட்டிருக்கும்.

இயந்திரத்தைத் திட்டிப் பயனில்லை. எதற்கு எத்தனை மதிப்பெண் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தது உங்கள் விற்பனைப் பிரிவில் யாரோ ஒரு மனிதர்தான். ‘குடும்பத்தாரிடம் கேட்கிறேன்’ என்பதைத் தடைப் பட்டியலிலிருந்து எடுங்கள் என்று மேலாளருக்கு எழுதுங்கள்.

அதே இயந்திரம் உங்களைச் சரியாகப் பிடித்த இடமும் உண்டு. விற்பனைக் கட்டணத்தைப் பற்றி 38 நிமிடத்தில் ஒரு வார்த்தை இல்லை. இபிஎஃப் வழியாக உங்களைப் போன்ற ஆலோசகரிடம் போட்டால் அது 3 விழுக்காடு வரை போகும், 10,000 வெள்ளிக்கு ஏறக்குறைய 300 வெள்ளி. ரொக்கமாக முதல் முறை வாங்குபவர் 6 வேலை நாளுக்குள் மனம் மாறலாம் என்பதையும் சொல்லவில்லை. வளைகாப்பு விசாரிக்க நேரம் இருந்தது, இதற்கு இல்லையா? இந்த மாதிரி விட்டுப்போனதை ஓர் அழைப்பு விடாமல் தேடிப் பிடிக்க மேலாளரால் முடியாது, மென்பொருளால் முடியும். இதில் அது சொல்வதைக் கேளுங்கள்.

இன்னொன்று. எழுத்துப்படியில் 20ஆவது நிமிடத்தில் அவர் ‘சரி, போட்டுடலாம்’ என்றதாக இருக்கிறது. அப்படி அவர் சொன்ன நினைவில்லை என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒலிப்பதிவைக் கேளுங்கள். ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற மென்பொருளைச் சோதித்து 2024இல் வந்த ஓர் ஆய்வில், ஏறக்குறைய நூற்றில் ஒரு பதிவுத் துண்டில் யாருமே பேசாத சொற்கள் எழுத்தில் வந்திருந்தன. இடையிடையே மௌனம் நீண்ட பேச்சில் இது அதிகம். நம் பெரியவர்கள் யோசிக்கும்போது எவ்வளவு நேரம் பேசாமல் இருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பதிவில் அந்த வார்த்தை இல்லையென்றால் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துத் திருத்தச் சொல்லுங்கள். நாளைக்கு ஒரு புகார் வந்தால் அந்த வரி சாட்சியாக நிற்கும்.

கேள்வி: போன் பேச்சைப் பதிவு செய்தால் என்னிடம் சொல்ல வேண்டாமா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, கோல கங்சார்

பதில்: சொல்ல வேண்டும். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி எதற்காகத் தரவு எடுக்கிறார்கள் என்று எழுத்தில் அறிவிக்க வேண்டும், அதுவும் மலாயிலும் ஆங்கிலத்திலும். தமிழைச் சட்டம் கேட்கவில்லை. ஆகவே முதல் கேள்வி கேட்ட தங்கச்சி, வணக்கம் சொன்ன கையோடு தமிழில் நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: யூனிட் டிரஸ்டுக்கும் பிஐடிஎம் (மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) காப்பு உண்டு என்கிறார் ஏஜென்ட். உண்மையா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இல்லை. உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் உள்ள வைப்புத்தொகைக்குத்தான் அந்தக் காப்பு, ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை. வங்கிக் கட்டடத்துக்குள்ளேயே உட்கார்ந்து வாங்கினாலும் யூனிட் டிரஸ்ட் அதில் சேராது. அந்த ஏஜென்டிடம், இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள் என்று கேளுங்கள்.