ஊதாக் கவருக்குள் வேறு சாக்லேட்: லண்டனிலிருந்து அமெரிக்கா வந்தவர்களின் கேள்விகள்

கேள்வி: அக்கா, லண்டன் குரோய்டனில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, கணவரின் வேலை மாற்றலால் இப்போது நியூ ஜெர்சி எடிசனுக்கு வந்திருக்கிறோம். மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். கடையில் கேட்பரி டெய்ரி மில்க்கைப் பார்த்ததும் ஆசையாக வாங்கிக் கொடுத்தேன். ஒரு கடி கடித்துவிட்டு, "அம்மா, இது டூப்ளிகேட்" என்று வைத்துவிட்டாள். அதே ஊதாக் கவர், அதே எழுத்து. போலியா? திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: போலி இல்லை. திருப்பிக் கொடுக்கக் காரணமும் இல்லை. ஆனால் உங்கள் மகளின் நாக்கு சொன்னது சரி.

கவரைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். தயாரித்தது ஹெர்ஷி, ஊர் பென்சில்வேனியா என்று இருக்கும். அமெரிக்காவில் கேட்பரி சாக்லேட் தொழிலை ஹெர்ஷி 1988-ல் வாங்கியது. அன்றிலிருந்து இந்த நாட்டில் அந்தப் பெயரில் சாக்லேட் செய்யும் உரிமை அவர்களிடம்தான். பிரிட்டனில் உங்களுக்கு விற்ற கேட்பரிக்கும் இதற்கும் பெயரும் கவரும்தான் பொது.

அப்புறம் சேர்மானப் பட்டியல். லண்டன் கவரில் முதலில் பால் இருக்கும், இங்கே சர்க்கரை. எது அதிகமோ அதை முதலில் எழுத வேண்டும் என்பது இரண்டு நாட்டிலும் விதி. இன்னொரு வித்தியாசம் கொஞ்சம் வேடிக்கையானது. லண்டன் டெய்ரி மில்க்கில் கோகோ வெண்ணெயோடு பாமாயில், ஷியா கொழுப்பு எல்லாம் சேரும். அமெரிக்க விதிப்படி அப்படிச் சேர்த்ததை 'மில்க் சாக்லேட்' என்று சொல்லி விற்கக் கூடாது. சட்டத்தின் கண்ணில் இங்கே கிடைப்பதுதான் சுத்தம். இதை மகளிடம் சொல்லிப் பாருங்கள், எடுபடாது.

சரி, அசல் லண்டன் சரக்கை யாராவது இறக்குமதி செய்து விற்கலாமே? செய்துகொண்டுதான் இருந்தார்கள். நியூ ஜெர்சியிலேயே இருந்த ஓர் இறக்குமதி நிறுவனத்தின் மேல் ஹெர்ஷி வழக்குப் போட்டு, 2015-ல் சமரசம் ஆனது. பிரிட்டனில் செய்த கேட்பரியை இனி கொண்டுவர மாட்டோம் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகவே பெரிய கடை ஷெல்ஃபில் அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கிட்கேட்டும் இதே கதைதான். மற்ற நாடுகளில் நெஸ்லே, இங்கே உரிமம் வாங்கி ஹெர்ஷி. ஸ்மார்ட்டீஸ் இன்னும் மோசம். இங்கே அந்தப் பெயரில் கிடைப்பது சாக்லேட்டே இல்லை, மாத்திரை மாதிரி அடுக்கிய புளிப்பு மிட்டாய். இங்கே மில்க்கி வே என்று வாங்கினால் உள்ளே ஏறக்குறைய உங்கள் ஊர் மார்ஸ் பார் இருக்கும். உங்கள் ஊர் மில்க்கி வே வேண்டுமென்றால் த்ரீ மஸ்கட்டீர்ஸ் என்று கேட்க வேண்டும். கேலக்ஸி பிடிக்கும் என்றால் டவ் என்ற பெயரைப் பாருங்கள். சோப்பு இல்லை, பயப்படாதீர்கள். இரண்டுக்கும் முதலாளி மார்ஸ் நிறுவனம்தான். ருசி அச்சு அசலாக அதே இல்லை என்றாலும் கிட்ட வரும்.

பில்லையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். லண்டனில் வரி உட்பட்ட விலையைத்தான் ஒட்டியிருப்பார்கள், இங்கே வரி கல்லாவில்தான் ஏறும். நியூ ஜெர்சியில் மளிகைக்குப் பெரும்பாலும் வரி கிடையாது, மிட்டாய்க்கு 6.625 சதவீதம் உண்டு. ஆனால் மாவு சேர்ந்திருந்தால் அது சட்டப்படி மிட்டாய் இல்லை! அதனால் டெய்ரி மில்க்குக்கு வரி விழும், உள்ளே வேஃபர் வைத்த கிட்கேட்டுக்கு விழாது.

கேள்வி: யார்க்ஷயர் டீ இங்கேயும் கிடைத்துவிட்டது, அதே பெட்டி. கெட்டிலும் லண்டனிலிருந்து கொண்டுவந்ததுதான், அடாப்டர் போட்டு ஓட்டுகிறேன். ஆனால் தண்ணீர் கொதிப்பதற்குள் பொறுமை போகிறது. டீயும் பழைய மாதிரி இல்லை. எது கோளாறு?

பதில்: கோளாறு சுவரில் இருக்கிறது. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. அங்கே 230 வோல்ட், இங்கே 120. வோல்ட் பாதியானால் சூடு பாதியாவதோடு நிற்காது, ஏறக்குறைய கால்வாசிக்கு விழுந்துவிடும். 3,000 வாட் கெட்டில் இங்கே 800 வாட்தான் இழுக்கும். அங்கே இரண்டு நிமிடத்தில் கொதித்த ஒரு லிட்டர் தண்ணீர் இங்கே ஏழெட்டு நிமிடம் எடுக்கும்.

நானும் வந்த புதிதில் இதையேதான் செய்தேன். கெட்டில் முனகிக்கொண்டே இருக்கும், நான் போய் இட்லி மாவைக் கரைத்து வைத்துவிட்டு வந்தாலும் முனகிக்கொண்டேதான் இருக்கும். கடைசியில் பொறுமை இழந்து, கொதிக்கும் முன்பே ஊற்றிவிடுவேன். டீ சப்பென்று இருந்ததற்கு அதுதான் காரணம். கறுப்புத் தேயிலைக்குத் தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் வேண்டும்.

இங்கேயே 1,500 வாட் கெட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள், நாலு நிமிடத்தில் முடியும். லண்டன் கெட்டிலுக்காக டிரான்ஸ்ஃபார்மர் வாங்கலாமா என்று யோசிக்கவே வேண்டாம். அவ்வளவு வாட்டுக்கு அது செங்கல் கட்டு மாதிரி கனக்கும். விலையில் நாலைந்து கெட்டில் வாங்கலாம்.

தண்ணீருக்கும் பங்கு உண்டு. லண்டன் தண்ணீர் உப்புத் தண்ணீர் மாதிரி கடினமானது. அதற்கென்றே தனிக் கலவையில் யார்க்ஷயர் டீ அங்கே விற்கிறது. நீங்கள் குடித்துப் பழகியது அந்தப் பெட்டியா என்று யோசித்துப் பாருங்கள். டெட்லி டீ வாங்குவதானால் 'பிரிட்டிஷ் பிளெண்ட்' என்று போட்டிருப்பதை எடுங்கள். அமெரிக்கர்கள் டீயைப் பெரும்பாலும் ஐஸ் போட்டுத்தான் குடிப்பார்கள். அவர்களுக்காகக் கலந்த டீ பேக்கில் நம் பால் ஊற்றினால் நிறமே வராது.

கேள்வி: நாங்கள் சைவம். லண்டனில் காலையில் டோஸ்ட் மேல் ஹெய்ன்ஸ் பீன்ஸ். இங்கே 'பேக்ட் பீன்ஸ்' என்று வாங்கினேன். வெல்லப்பாகு மாதிரி இனிப்பு, பட்டியலில் பன்றிக்கறி வேறு. என்ன செய்வது?

பதில்: நல்லவேளை, பட்டியலைப் படித்தீர்கள். அமெரிக்க பேக்ட் பீன்ஸ் என்பதே பழுப்புச் சர்க்கரையும் வெல்லப்பாகும் போட்டுச் செய்வது. பல டின்களில் பேக்கனோ பன்றிக்கொழுப்போ சேரும். உங்களுக்கு வேண்டியது பச்சை கலந்த நீல நிற லேபிள் ஒட்டிய பிரிட்டிஷ் டின். தக்காளிச் சாறுதான், மாமிசம் இல்லை. இறக்குமதிச் சாமான் வரிசையில் தேடுங்கள். விலை வயிற்றைக் கலக்கும். இதில் வேடிக்கை, அந்தப் பீன்ஸ் விளைவது வட அமெரிக்காவில். கப்பலேறி இங்கிலாந்தின் விகன் ஊர் ஆலைக்குப் போய், டின்னுக்குள் அடைபட்டு, மறுபடி கடல் தாண்டி உங்கள் கடைக்கு வருகிறது. இங்கே 'நேவி பீன்ஸ்' என்று கேட்டால் அதே பயறு காய்ந்ததாகக் கிடைக்கும். ராத்திரி ஊறப்போட்டு, குக்கரில் வேகவைத்து, தக்காளி விழுதில் கொதிக்க விட்டால் போதும்.

டோஸ்ட் மேல் தடவுகிற மார்மைட் சைவம், தைரியமாக வாங்கலாம். பாவ்ரில் மாட்டிறைச்சிச் சாறு. லீ அண்ட் பெரின்ஸ் சாஸில் நெத்திலி இனத்து மீன் உண்டு, அது பலருக்குத் தெரியாது.

கேள்வி: லண்டனில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கால்பால். இங்கே எதைக் கேட்க வேண்டும்? எப்போதும் கொடுக்கிற 5 மி.லி.யையே கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், முதலில் பாட்டிலைப் படியுங்கள். பாராசிட்டமாலுக்கு அமெரிக்காவில் பெயர் அசெட்டமினோஃபென், கடையில் டைலெனால் என்றால் எல்லோருக்கும் தெரியும். மருந்து ஒன்றுதான், அடர்த்தி வேறு. சின்னக் குழந்தைகளுக்கான கால்பாலில் 5 மி.லி.க்கு 120 மி.கி., ஆறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானதில் 250 மி.கி. இங்கே குழந்தைகளுக்கான திரவ மருந்தில் 160 மி.கி. பழைய மி.லி. கணக்கைக் கொண்டுவந்தால் ஒரு பக்கம் கூடும், இன்னொரு பக்கம் குறையும். இங்கே குழந்தையின் எடையை வைத்து அளவு சொல்வார்கள். மருந்துக்கடைக்காரரைக் கேளுங்கள், அந்தப் பெட்டியோடு வரும் அளவுக் கோப்பையையே பயன்படுத்துங்கள். லண்டனிலிருந்து கொண்டுவந்த பழைய கால்பால் மிச்சம் இருந்தால் இரண்டையும் கலந்து கொடுக்காதீர்கள்.

கேள்வி: இதெல்லாம் எங்கேதான் வாங்குவது? லண்டனில் இருக்கும் என் சொந்த அக்காவைப் பார்சல் போடச் சொல்லலாமா?

பதில்: மெக்விட்டீஸ் பிஸ்கட், டீ, மார்மைட் மாதிரி சாமான்களுக்குப் பெரிய சூப்பர்மார்க்கெட்டின் இன்டர்நேஷனல் வரிசையே போதும். வெக்மன்ஸிலும் வேர்ல்ட் மார்க்கெட்டிலும் பிரிட்டிஷ் சாமான்களுக்குக் கொஞ்சம் இடம் ஒதுக்கியிருப்பார்கள். காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் வீட்டபிக்ஸ் சில சமயம் ஆர்கானிக் தானியங்களோடு ஒளிந்திருக்கும். நியூயார்க் போகிற நாளில் கிரீனிச் வில்லேஜில் மையர்ஸ் ஆஃப் கெஸ்விக் என்ற பிரிட்டிஷ் கடைக்குள் நுழைந்து பாருங்கள். உங்கள் பக்கத்திலேயே கியர்னி இருக்கிறது. நூல் ஆலை வேலைக்கு வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் குடியேறிய ஊர் அது.

விம்டோ வேண்டுமா? 1908-ல் மான்செஸ்டரில் பிறந்த பானம், ஆனால் அமெரிக்காவில் அதைத் தேட வேண்டிய இடம் அரபுக் கடை. பேட்டர்சன் பக்கம் ரமலான் மாதத்தில் போங்கள், அரபுக் குடும்பங்களுக்கு அது நோன்பு திறக்கிற பானம். டெட்டால் இந்தியன் ஸ்டோரில்.

பார்சல் விஷயத்தில் முன்பிருந்த சௌகரியம் போய்விட்டது. 800 டாலர் வரை வரியில்லாமல் வந்துகொண்டிருந்த சலுகையை 2025 ஆகஸ்ட் 29 முதல் நிறுத்திவிட்டார்கள். உங்கள் அக்கா தன் கையால் அனுப்பும் பரிசு 100 டாலருக்குள் இருந்தால் விதிவிலக்கு உண்டு. நீங்களே லண்டன் கடையில் ஆர்டர் போட்டுவிட்டுப் 'பரிசு' என்று எழுதச் சொன்னால் அது பரிசாகாது.

தேதியைப் பார்க்கும்போதும் கவனம். பிரிட்டிஷ் டப்பாவில் 05/11 என்றால் நவம்பர் 5. அமெரிக்கக் கண்ணுக்கு அது மே 11. ஒரு கடையில் ஜூன் மாதம் நல்ல பிஸ்கட்டுகளைக் காலாவதி என்று நினைத்துப் பாதி விலைக் கூடையில் கொட்டி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்காமல் ஆறு பாக்கெட் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: பெர்சில் சலவைத்தூள் அதே தானே? இந்தியன் ஸ்டோர் ஹார்லிக்ஸும் லண்டன் ஹார்லிக்ஸும் ஒன்றா?

பதில்: இரண்டுக்கும் 'இல்லை'தான். பிரிட்டனில் பெர்சில் யூனிலீவருடையது, இங்கே ஹென்கெல் என்ற ஜெர்மன் நிறுவனத்துடையது.

லண்டன் ஹார்லிக்ஸ் இப்போது வேறொரு நிறுவனத்திடம். இந்தியன் ஸ்டோரில் இருப்பது 2020 முதல் இந்துஸ்தான் யூனிலீவரின் சரக்கு, ருசி மாறும். ஆனால் அதை இங்கே குடிப்பதில் தப்பில்லை. 1873-ல் ஹார்லிக் சகோதரர்கள் என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் அமெரிக்காவுக்கு வந்த இடத்தில்தான் அந்தத் தொழிலைத் தொடங்கினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் ரசீனில் ஆலை. இங்கிலாந்தின் ஸ்லவ் ஆலை 1908-ல்தான் வந்தது.