வாசகர் கேள்விகள்: ஆய்வகப் பொருள்களைப் பகிர்வதற்கான ஒப்பந்தங்கள்

கேள்வி: அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றிடம் ஒரு பிளாஸ்மிட் (மரபணுக்களைப் பாக்டீரியாவுக்குள் கொண்டுசெல்லப் பயன்படும் சிறு டி.என்.ஏ. வளையம்) கேட்டிருந்தோம். அதை அனுப்புவதற்கு முன் எம்.டி.ஏ. எனப்படும் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் எங்கள் நிறுவனம் கையெழுத்திட வேண்டுமாம். கோப்பு இரண்டு மாதமாகப் பதிவாளர் அலுவலகத்தில் இருக்கிறது. அதே பிளாஸ்மிட் பக்கத்துத் துறையிலேயே உள்ளது. அங்கு வாங்கிக்கொண்டால் என்ன? அதை வைத்து நான் உருவாக்குவது யாருக்குச் சொந்தம்?
– முனைவர் பட்ட ஆய்வாளர், கோயம்புத்தூர்

பதில்: வாங்க வேண்டாம். பக்கத்துத் துறை எந்த ஒப்பந்தத்தின்கீழ் அதைப் பெற்றதோ, அந்த ஒப்பந்தமே அநேகமாக அதைத் தடுக்கும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் 1995இல் வெளியிட்டு, லாப நோக்கற்ற நிறுவனங்களுக்கிடையே இன்றும் பரவலாகப் பயன்படும் பொது ஒப்பந்தத்தைப் பாருங்கள். பெற்றுக்கொண்ட அறிவியலாளரின் ஆய்வகத்தில், அவருடைய நேரடி மேற்பார்வையில் மட்டுமே பொருளைப் பயன்படுத்தலாம் என்றும், அதே நிறுவனத்துக்குள் இன்னொருவருக்குக் கொடுப்பதற்குக்கூட வழங்குநரின் எழுத்துப்பூர்வ இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்றும் அது சொல்கிறது. கேட்டு வருபவரை வழங்குநரிடமே அனுப்பிவைப்பதுதான் முறை.

உரிமை பற்றிய உங்கள் இரண்டாம் கேள்விக்கு விடை, பலரும் படிக்காமல் தாண்டிச் செல்லும் வரையறைப் பகுதியில் இருக்கிறது. குழாயில் வந்த பிளாஸ்மிட் மூலப்பொருள். அதை ஈ.கோலை பாக்டீரியாவில் ஏற்றி, இரவு முழுவதும் வளர்த்து, மறுநாள் காலையில் நீங்கள் பிரித்தெடுப்பது உங்கள் உழைப்பில் விளைந்ததுதான் என்றாலும், எந்த மாற்றமும் அடையாத வழித்தோன்றல் என்பதால் அது வழங்குநருக்கே உரியது. அந்த டி.என்.ஏ.விலிருந்து உண்டாகும் புரதத்தை நீங்கள் தூய்மைப்படுத்தி எடுத்தாலும் அதுவும் அவருடையதே. ஆய்வாளர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் இது. ஆனால், அதே பிளாஸ்மிட்டில் உங்கள் மரபணு ஒன்றைச் செருகிப் புதிய ஒன்றை அமைத்தீர்களானால், அது மாற்றியமைத்த பொருள். உங்கள் நிறுவனத்துக்குச் சொந்தம். அதனுள் இருக்கும் பழைய பகுதி மட்டும் வழங்குநருடையதாகவே நீடிக்கும். மூலப்பொருளின் எந்தக் கூறும் இல்லாமல், அதைப் பயன்படுத்தியதால் மட்டும் கிடைத்த பொருள் முழுக்க உங்கள் தரப்புக்கே உரியது.

இந்தப் பொது ஒப்பந்தம் ஆய்வாளருக்குப் பெரும்பாலும் நியாயமானது. கட்டுரை வெளியிடுவதை அது தடுப்பதில்லை. பொருளைத் தந்தவர் யார் என்று கட்டுரையில் குறிப்பிட்டால் போதும். நான் உண்மையாகவே கவலைப்படுவது வணிக நிறுவனங்கள் தரும் ஒப்பந்தங்களைக் குறித்துத்தான். அவற்றில் சில, கட்டுரையை முன்கூட்டியே தங்கள் பார்வைக்கு அனுப்ப வேண்டும் என்று கோருகின்றன. சில, உங்கள் கண்டுபிடிப்பின்மீதே உரிமை கேட்கின்றன. ஒரு குப்பிக்காக மூன்றாண்டு ஆய்வின் பலனை எழுதிக்கொடுப்பது அநியாயம். அத்தகைய வரிகளைத் திருத்தச் சொல்லிக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஒப்பந்தத்தின் தரப்பு நீங்களல்ல, உங்கள் நிறுவனம் என்பதால், நெறியாளரோ மாணவரோ தனியாகக் கையெழுத்திட்டு அனுப்பிவிடக் கூடாது. பதிவாளர் அலுவலகத்தை நெறியாளர் மூலம் எழுத்திலேயே நினைவூட்டுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரியில் மண்ணிலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியா ஒன்றை ஜெர்மனியிலுள்ள ஆய்வகம் கேட்கிறது. ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அனுப்பிவிடலாமா?
– கல்லூரி ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஒப்பந்தம் மட்டும் போதாது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் நுண்ணுயிர்களையும் உயிரியல் வளமாகவே கருதுகிறது. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இந்திய உயிரியல் வளத்தை ஆய்வுக்காகப் பெறுவதற்கு, சென்னையில் அமைந்துள்ள தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் முன் அனுமதி தேவை. மத்திய அரசின் வழிகாட்டுதல்களுக்கு உட்பட்டு, அதன் ஒப்புதலையும் பெற்ற கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்குச் சட்டத்தின் 5ஆம் பிரிவு விலக்களிக்கிறது. உங்கள் திட்டம் அதில் அடங்குமா என்று முதலில் பாருங்கள். மனித மரபணுப் பொருள் இச்சட்டத்தின் வரம்பில் வராது; அதற்கான விதிகள் வேறு.

கேள்வி: கொள்ளைநோய்க் காலத்தில் இத்தகைய ஒப்பந்தங்கள் ஆராய்ச்சியைத் தாமதப்படுத்தாதா?
– வாசகர், மதுரை

பதில்: தாமதப்படுத்தக்கூடும். ஆனால், நியாயமான ஒப்பந்தம் இல்லாததால் நேர்ந்த தாமதம் அதைவிடப் பெரியது. எச்5என்1 பறவைக் காய்ச்சலால் பாதிக்கப்பட்ட இந்தோனேசியா, உலக சுகாதார அமைப்பின் ஆய்வக வலையமைப்புக்கு வைரஸ் மாதிரிகளை அனுப்பி வந்தது. அவற்றைக் கொண்டு வெளிநாட்டு நிறுவனம் தடுப்பூசி உருவாக்குவதை அறிந்ததும், அந்தத் தடுப்பூசி தன் மக்களுக்குக் கட்டுப்படியாகாது என்று சொல்லி, 2007இல் மாதிரி அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அந்நாட்டைக் குறை கூறுவது எளிது. அதன் வாதத்தில் நியாயம் இருந்தது.

பல சுற்றுப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, 2011 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை ஓர் ஏற்பாட்டை ஏற்றது. அதன்படி வலையமைப்பு ஆய்வகங்களுக்கு ஒரு பொது வடிவ ஒப்பந்தம், தடுப்பூசி நிறுவனங்கள் போன்ற வெளியாருக்கு இன்னொன்று. வைரஸைப் பெறும் தடுப்பூசி நிறுவனம், தன் உற்பத்தியில் ஒரு பங்கை நன்கொடையாகவோ கட்டுப்படியாகும் விலையிலோ ஒதுக்குவது போன்ற கடமைகளை ஏற்க வேண்டும். இது பெருந்தொற்றாகும் வாய்ப்புள்ள இன்ஃபுளூயன்சாவுக்கு மட்டுமே பொருந்தும். மற்ற கிருமிகளுக்கும் இத்தகைய ஏற்பாடு வேண்டும் என்ற கோரிக்கை, 2025 மே மாதம் பெருந்தொற்று உடன்படிக்கை ஏற்கப்பட்டபோதும் முடிவாகாமல், தனி இணைப்பாகப் பேசித் தீர்ப்பதற்கு ஒதுக்கி வைக்கப்பட்டது.